வெற்று வேட்டு

மலேசியாவின் ஜொகூரில், குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் நான் வளர்ந்தேன். தீபாவளிக்கு மறுநாள் இரவு அங்கே நாடகம் போடுவார்கள். போலீஸ்காரர் வேடம் கட்டியவர் கையில் இருக்கும் துப்பாக்கி பால்மரக் கட்டையில் செதுக்கியது. சப்பாத்துக்குப் போடும் கறுப்பு பாலிஷைத் தேய்த்து மினுக்கியிருப்பார்கள். சத்தத்துக்குத் திரைக்குப் பின்னால் வேறோர் ஆள் இருப்பார். அவர் முன்னால் ஓர் இரும்புத் துண்டு, அதன்மேல் சுருள் கேப், கையில் சுத்தியல். மேடையில் துப்பாக்கி நீண்டதும் அவர் ஓங்கி அடிக்க வேண்டும். ஒரு வருடம் அடி தாமதமாகி, வில்லன் முதலில் விழுந்தான், சத்தம் பிறகு வந்தது. கொட்டகை முழுக்கச் சிரித்தது.

ஆயுதம் ஓரிடம், சத்தம் ஓரிடம். அந்த ஏற்பாட்டுக்குள் எவ்வளவு அறிவு இருந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

வாயால் மட்டும் வீரம் காட்டுகிறவரை நாம் ‘வெத்துவேட்டு’ என்கிறோம். குண்டு போடாத வேட்டு. காதைப் பிளக்கும், ஆளை ஒன்றும் செய்யாது என்பது அதற்குள் இருக்கும் நம்பிக்கை. சொல் எனக்குப் பிடித்தமானதுதான். ஆனால் வெற்று வேட்டு ஆளைக் கொன்றிருக்கிறது, அதுவும் நடிப்பதற்காகச் சுட்ட இடத்தில். அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் துப்பாக்கி என்ற பொருளே புதிதாகத் தெரியும்.

துப்பாக்கியின் பழைய கதையிலிருந்து தொடங்கலாம். அதே ஜொகூரின் தென்மேற்கில், சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாவது பாலத்தின் பக்கம், இஸ்கண்டார் புத்ரியில் பெரிய படப்பிடிப்பு வளாகம் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டூடியோ பெயரோடு தொடங்கி, இப்போது இஸ்கண்டார் மலேசியா ஸ்டூடியோஸ் என்ற பெயரில் இயங்குகிறது. நெட்ஃபிளிக்ஸில் 2014 டிசம்பரில் வெளிவந்த ‘மார்கோ போலோ’ தொடருக்காக குப்ளாய் கானின் அரண்மனையை அங்கேதான் கட்டி எழுப்பினார்கள். வாளும் ஈட்டியும் நிறைந்த கதை அது. ஆனால் குப்ளாய் கான் ஆண்ட 1260 முதல் 1294 வரையிலான காலம் துப்பாக்கியின் கதையிலும் முக்கியமானது. வடகிழக்குச் சீனாவில் 1970-ல் மண்ணுக்குள்ளிருந்து ஒரு வெண்கலக் குழல் கிடைத்தது. நீளம் 34 சென்டிமீட்டர், எடை மூன்றரை கிலோ. 1288-க்குப் பிந்தியதாக இருக்காது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கைத்துப்பாக்கிகளில் ஒன்று அது. ஜொகூரில் மரத்தாலும் சாந்தாலும் எழுந்த அந்த அரண்மனைக்கு உரியவனின் நாட்டில், ஏறக்குறைய அவன் கண் முன்னாலேயே, துப்பாக்கி வழக்கத்துக்கு வந்திருக்கிறது.

அந்தக் குழலுக்குள் போட்ட கருமருந்து நம் ஊர்த் திருவிழாக்களுக்கு அந்நியமானதே இல்லை. பின்னாளில் நிலைபெற்ற கலவையில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வெடியுப்பு, பதினைந்து கரி, பத்து கந்தகம். விறகு எரியச் சுற்றியுள்ள காற்று வேண்டும். கருமருந்துக்கு வேண்டாம், தனக்கு வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்புக்குள் அதுவே சுமந்துகொண்டு வருகிறது. அதனால்தான் காற்றுப் புகாத இடத்துக்குள்ளும் எரிகிறது. திறந்த வெளியில் கொட்டிப் பற்றவைத்தால் புஸ்ஸென்று சீறி அடங்கிவிடும். இரும்புக் குழாயில் போட்டு, மேலே செங்கல்பொடியை இட்டு இறுக்கிப் பற்றவைத்தால் அதுவே கோயில் திருவிழாவின் அதிர்வேட்டு. மருந்து ஒன்றுதான். வெளியே போக வழியில்லாமல் வாயு திணறுவதுதான் வேட்டு.

மலாய் கம்பங்களில், அதாவது கிராமங்களில், நோன்புப் பெருநாள் சமயத்தில் மூங்கில் பீரங்கி முழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். மெரியாம் பூலோ என்பார்கள். மூங்கிலுக்குள் கார்பைடையும் தண்ணீரையும் விட்டால் அசிட்டிலின் வாயு எழும், சின்னத் துளையில் நெருப்பைக் காட்டினால் ஊரே அதிரும். அதிலும் குண்டு கிடையாது. ஆனாலும் எட்டிப் பார்த்த பிள்ளைகளின் முகம் வெந்திருக்கிறது, விரல் போயிருக்கிறது. அந்தக் காயங்களைப் பார்த்த ஒரு தாய்க்கு ‘வெத்துவேட்டு’ என்ற சொல்லின் மேல் நம்பிக்கை இருக்காது.

இன்றைய தோட்டாவுக்கு வருவோம். பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பற்றிக்கொள்ளும் துளி மருந்து, அதுதான் பிரைமர், உள்ளே எரிமருந்து, வாயில் செருகிய குண்டு. விசையை இழுத்ததும் சுத்தி பிரைமரைத் தட்டுகிறது. எங்கள் நாடகக்காரர் கேப்பைத் தட்டியதும் இதே வேலைதான். பிரைமரின் பொறி எரிமருந்தைப் பற்றவைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கருமருந்தின் இடத்தை நைட்ரோசெல்லுலோஸ் பிடித்துக்கொண்டது. பஞ்சை அமிலத்தில் நனைத்து உண்டாக்குவது. புகை குறைவு, வலு அதிகம். அதில் ஒரு கிராம் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயு பிறக்கும், 2,500 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டோடு.

பழைய மேற்கத்திய படங்களில் வரும் .45 ரிவால்வரை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டின் எடை சுமார் 16 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 260 மீட்டர். கணக்குப் போட்டால் 540 ஜூல் ஆற்றல் வரும். ஒன்றரைக் கிலோ தேங்காய் பன்னிரண்டு மாடி உயரத்திலிருந்து தலையில் விழுந்தால் எவ்வளவோ அவ்வளவு. அத்தனையும் ஒரு சதுர சென்டிமீட்டர் அகலத்தில் இறங்குகிறது. குண்டின் வலி தமிழ் சினிமாவுக்குத் தெரியாததல்ல. 1967 ஜனவரி 12-ல் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. உயிர் தப்பினாலும் அவருடைய பழைய குரல் திரும்பவில்லை. அது படப்பிடிப்பில் நடந்ததும் அல்ல, விபத்தும் அல்ல. ஒரு குண்டு மனித உடலில் எதைக் கொண்டுபோகும் என்பதற்கு நம் காதே சாட்சியாக இருக்கிற சம்பவம் என்பதால் சொல்கிறேன்.

என்னை வியக்க வைத்த கணக்கு இனிமேல்தான் வருகிறது. அந்த .45 தோட்டாவுக்குள் இருக்கும் அரை கிராம் மருந்தில் அடங்கியிருப்பது ஏறக்குறைய 2,000 ஜூல். குண்டு எடுத்துக்கொண்டு போனது 540. கால் பங்கும் சொச்சமும்தான். மிச்சத்தில் ஒரு பகுதி குழலைச் சூடாக்குகிறது; மற்றதெல்லாம் குழல் வாய் வழியாக நெருப்பாகவும் பீறிடும் வாயுவாகவும் சத்தமாகவும் வெளியேறுகிறது. அதாவது நிஜக் குண்டு பாயும்போதுகூட துப்பாக்கியின் பெரும்பங்கு வெறும் வெப்பக் காற்றுதான். வெற்றுத் தோட்டாவில் குண்டை மட்டும் எடுத்துவிடுகிறார்கள். கூட்டின் வாயை நசுக்கி மூடுவார்கள், அல்லது அட்டை வைத்து அடைப்பார்கள். தடுக்கக் குண்டு இல்லாததால் வேகமாக எரிகிற மருந்தாகத் தேர்ந்து போடுவார்கள். மற்றபடி உள்ளே எல்லாம் உயிரோடுதான் இருக்கிறது.

இதை உலகம் கண்டது 1984 அக்டோபர் 12-ல், லாஸ் ஏஞ்சலிஸில். ‘கவர் அப்’ என்ற தொலைக்காட்சித் தொடரின் நாயகன் ஜான்-எரிக் ஹெக்ஸம், வயது 26. காட்சி தாமதமாகிக்கொண்டே போக, பொழுது போகாமல் வெற்றுத் தோட்டா போட்ட .44 மேக்னம் ரிவால்வரைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து விளையாட்டாக விசையை இழுத்தார். குண்டு இல்லை. பீறிட்ட வாயுவின் அடியில் மண்டையோட்டில் ஒரு காசளவு எலும்பு உடைந்து மூளைக்குள் போயிற்று. ஆறு நாள் கழித்து இறந்தார்.

ஐந்து மீட்டர் தள்ளி இதே வெற்றுத் தோட்டாவைச் சுட்டிருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வாயுவுக்கு உருவம் கிடையாது. குழலைவிட்டு வெளியே வந்ததும் எல்லாப் பக்கமும் விரிந்து, எதிரே இருக்கும் காற்றை முட்டி முட்டிச் சில அடிகளுக்குள் களைத்துவிடும். எரியாத மருந்துத் துகளும் அட்டைத் துணுக்கும் இன்னும் சற்றுத் தூரம் பறக்கும். தோலோடு ஒட்டிக் குழலை வைக்கும்போது விரிய இடமே இல்லை. அதிர்வேட்டில் செங்கல்பொடி செய்த வேலையை அங்கே நெற்றி எலும்பு செய்தது.

அடுத்த விபத்தைப் புரிந்துகொள்ள மூன்றாவது வகைத் தோட்டா ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரிவால்வரை முன்பக்கமிருந்து அண்மையில் படம்பிடித்தால் உருளைக்குள் குண்டுகளின் மூக்கு வரிசையாகத் தெரியும். வெற்றுத் தோட்டாவில் மூக்கு இல்லை. ஆகவே அந்தக் காட்சிக்கு டம்மி தோட்டா: குண்டு உண்டு, மருந்து இல்லை, பிரைமரும் செத்தது. ஒன்றில் மருந்து மட்டும், ஒன்றில் குண்டு மட்டும். தனித்தனியாக எடுத்தால் இரண்டுமே தோட்டாவில் பாதிதான்.

1993-ல் அமெரிக்காவின் வில்மிங்டன் நகரில் ‘தி க்ரோ’ படப்பிடிப்பு. நாயகன் பிராண்டன் லீ, புரூஸ் லீயின் மகன், வயது 28. டம்மி தோட்டாக்கள் தேவைப்பட்டபோது, நிஜத் தோட்டாக்களிலிருந்து குண்டைக் கழற்றி, மருந்தைக் கொட்டிவிட்டு, குண்டை மறுபடி செருகித் தளத்திலேயே செய்துகொண்டார்கள். பிரைமரை அப்படியே விட்டுவிட்டார்கள். எப்போதோ ஒரு முறை, அந்த டம்மி உள்ளே இருக்கும்போது விசை இழுபட்டது. தீபாவளிக்கு நமுத்துப்போன வெடியை நினைத்துக்கொள்ளுங்கள். ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம். தனிப் பிரைமரின் பலம் குண்டை வெளியே தள்ளப் போதாது, கூட்டிலிருந்து பிடுங்கிக் குழலுக்குள் சிக்கவைக்கப் போதும். கூடு உருளையிலேயே நின்றது. குண்டு குழலுக்குள் உட்கார்ந்துகொண்டது. யாரும் கவனிக்கவில்லை.

பிறகு, மார்ச் 31-ல், அதே ரிவால்வரில் வெற்றுத் தோட்டாக்களைப் போட்டு ஒரு நடிகர் கையில் கொடுத்தார்கள். எதிரே சில மீட்டர் தூரத்தில் லீ. வெற்றுத் தோட்டாவின் முழு மருந்தும் அந்தக் குண்டின் பின்னால் எரிந்தது. குண்டு வயிற்றில் பாய்ந்தது. பல மணி நேர அறுவை சிகிச்சைக்குப் பிறகும் காப்பாற்ற முடியவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சை அடைக்கும். சதி எதுவும் இல்லை. நிஜத் தோட்டாவையும் அன்று யாரும் ஏற்றவில்லை. ஒரு முழுத் தோட்டாவை இரண்டாகப் பிரித்து, குண்டுப் பாதியை ஒரு நாளும் மருந்துப் பாதியை இன்னொரு நாளும் போட்டது போல ஆகிவிட்டது. இரண்டு நாளும் துப்பாக்கியைக் கையாண்டவர்கள் தங்கள் பாதி ஆபத்தில்லாதது என்றே நம்பியிருப்பார்கள். துப்பாக்கிக்குள் அந்தப் பாதிகள் சேர்ந்துகொண்டன.

காட்சிக்கு முன் தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டுக் குழலின் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நொடி போதும். குச்சி ஒன்றைவிட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. அன்று யாராவது பார்த்திருந்தால் அந்தக் குழல் இருட்டாக இருந்திருக்கும்.

2021 அக்டோபர் 21-ல் நியூ மெக்சிகோவின் சான்டா ஃபே அருகே ‘ரஸ்ட்’ படத்தளத்தில் நடந்தது இன்னும் எளிய பிழை. டம்மிகளோடு நிஜத் தோட்டாக்கள் கலந்திருந்தன. தேடியதில் மொத்தம் ஆறு கிடைத்தன. துப்பாக்கி ‘கோல்ட் கன்’, அதாவது வெடிக்கும் சரக்கு எதுவும் இல்லை, என்று சொல்லி நடிகர் அலெக் பால்ட்வின் கையில் தரப்பட்டது. ஒத்திகையில் அது வெடித்து, யுக்ரேனில் பிறந்த ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார், வயது 42. அவர் உடலைத் துளைத்த குண்டு இயக்குநர் ஜோயல் சூசாவின் தோளில் போய் நின்றது. ஆயுதப் பொறுப்பாளருக்குப் பதினெட்டு மாதச் சிறை கிடைத்தது. விசையை இழுக்கவே இல்லை என்று சொல்லிவந்த பால்ட்வின் மீதான வழக்கு, அரசுத் தரப்பு சான்றுகளை மறைத்ததாக 2024 ஜூலையில் தள்ளுபடியானது. நீதிமன்றக் கதையை இத்தோடு விடுகிறேன். அமெரிக்கத் திரைத் தொழிலின் பாதுகாப்பு அறிக்கைகளில் முதல் எண் கொண்டதே துப்பாக்கியைப் பற்றியது. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா ஏற்றியதாகவே நினைத்துக் கையாள வேண்டும், நிஜத் தோட்டா தளத்துக்குள் வரவே கூடாது என்பது அங்கே பல வருடமாக எழுத்தில் இருக்கும் விதி.

டம்மியையும் நிஜத்தையும் பிரித்தறியும் வழியைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். மருந்தைக் கொட்டிவிட்ட டம்மிக்குள் சின்ன உலோக மணி ஒன்றைப் போட்டிருப்பார்கள். காதருகே வைத்துக் குலுக்கினால் கிலுகிலுக்கும். சிலவற்றில் கூட்டின் பக்கவாட்டில் துளை போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றாகக் குலுக்கிக் கேட்டுத்தான் ஏற்ற வேண்டும். குழந்தையின் கிலுகிலுப்பையில் இருக்கும் அதே நுட்பத்தின் மேல்தான் தளத்தில் நிற்கும் அத்தனை பேரின் உயிரும் நிற்கிறது.

இவ்வளவு ஆபத்து இருந்தும் ஏன் நிஜத் துப்பாக்கி? நடிகரின் தோள் உண்மையாக அதிர வேண்டும், முகம் தானாகச் சுருங்க வேண்டும், குழல் வாயில் தீ தெரிய வேண்டும் என்பார்கள். முதல் இரண்டையும் ஒப்புக்கொள்ளலாம். தீயின் கதை வேறு. ஃபிலிம் கேமரா நொடிக்கு 24 படம் எடுக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் அதன் கதவு ஏறத்தாழ 48-ல் ஒரு பங்கு நொடி திறந்திருக்கும், அடுத்த அதே அளவு நேரம் ஃபிலிம் நகர்வதற்காக மூடியிருக்கும். ஆக, படமெடுக்கும் நேரத்தில் பாதி கேமரா கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறது! துப்பாக்கியின் தீயோ நொடியில் ஆயிரத்தில் சில பங்குதான் நிற்கும். உண்மையாகச் சுட்டாலும் இரண்டில் ஒன்று கண் மூடிய நேரத்தில் மின்னி மறைந்துவிடும். திரையில் நிஜத் துப்பாக்கி பொய்யாகத் தெரியும். டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றில் சட்டகத்தின் ஒரு பகுதி மட்டும் வெளுத்துப் போகும் சிக்கலும் உண்டு. தீயைப் பெரிதாக்க மருந்தைக் கூட்டினார்கள். கூடிய மருந்து கண்ணை ஏமாற்றியதோ இல்லையோ, அருகில் நின்றவரின் ஆபத்தைக் கூட்டியது. இன்று கணினியில் ஒன்றிரண்டு சட்டகங்களில் தீயை வரைந்துவிடுகிறார்கள், அது எந்தக் கண்மூடலிலும் தவறுவதில்லை.

குறிவைப்பதிலும் இப்படி ஒரு வித்தை இருக்கிறது. ஐந்து மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒரு மீட்டர் பக்கவாட்டில் குறிவைத்தால் குழல் திரும்பியிருப்பது பதினோரு டிகிரி. கேமராவைச் சரியான கோணத்தில் வைத்தால் பார்ப்பவர் கண்ணுக்கு அது நெஞ்சை நோக்கித்தான் தெரியும். ஆளை நோக்கிச் சுட வேண்டிய அவசியமே ஒளிப்பதிவில் கிடையாது. கேமராவை நோக்கிச் சுட வேண்டியிருந்தால் அதன் பின்னால் ஆள் நிற்க வேண்டியதும் இல்லை. முன்னால் கெட்டியான பாலிகார்பனேட் தடுப்பை வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து இயக்கலாம்.

மலேசியாவில் படத்தளத்துத் துப்பாக்கி பற்றிய கேள்வி வேறொரு முனையில் தொடங்குகிறது. ‘பில்லா’வுக்கும் (2007) ‘கபாலி’க்கும் (2016) நம்மவர்கள் இங்கே வந்து துப்பாக்கியும் கையுமாகக் காட்சிகள் எடுத்தார்கள். ஜொகூரின் சொந்தக் கதையிலேயே துப்பாக்கி இருக்கிறது: 1950 பிப்ரவரி 23 விடியலில் மூவார் ஆற்றங்கரையில் புக்கிட் கெப்போங் காவல் நிலையத்தைக் கம்யூனிஸ்டுகள் தாக்கியதை ஜின்ஸ் சம்சுடின் 1981-ல் படமாக்கினார். இறந்த காவலர்களின் நினைவுக்காக எடுத்த அந்தக் கதையைத் துப்பாக்கி இல்லாமல் சொல்ல முடியாது. ஆனால் இந்த நாட்டின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நிஜத் துப்பாக்கியோடு நிற்பதில்லை. துப்பாக்கி போலத் தோன்றும் போலியையும் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். பிற நாட்டுப் படத்தளங்களில் வெற்றுத் தோட்டாவுக்கு மாற்றாக வந்திருக்கும், காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியும் இங்கே அந்த வலைக்குள்தான். அதாவது ஜொகூர்த் தளத்தில் பிளாஸ்டிக் துப்பாக்கியைத் தூக்கி வருகிறவரும் முதலில் போலீஸாரிடம் கணக்குச் சொல்ல வேண்டும். படமெடுக்க வருகிறவர்களுக்கு இது சலிப்பூட்டும் காகித வேலை. எனக்கு அந்தச் சலிப்பின் மேல் மரியாதை உண்டு. வில்மிங்டனில் ஒரு டம்மி எந்த நாளில், யார் கையில், எப்படித் தயாரானது என்று எழுத ஒரு தாள் இருந்திருந்தால், அதை நிரப்பும்போதே யாருக்காவது பிரைமரின் நினைவு வந்திருக்கும்.

துப்பாக்கிகளை வீட்டில் வைத்திருக்கும் நட்சத்திரங்களும் கவனிக்க வேண்டியது ஒன்று. 2024 அக்டோபர் 1 அன்று மும்பையில் நடிகர் கோவிந்தாவின் காலில் பாய்ந்தது அவருடைய சொந்த ரிவால்வரின் குண்டு. கைநழுவி விழுந்து வெடித்ததாகத் தெரிவிக்கப்பட்டது. பழைய வகை ரிவால்வர்களில் சுத்தியின் முனை பிரைமரை ஒட்டியே இருக்கும். கீழே விழும் அடி ஒன்றே விசையின் வேலையைச் செய்துவிடும். அதனால்தான் அந்தக் காலத்தில் சுத்திக்கு நேரான அறையைக் காலியாக விட்டு எடுத்துப் போவார்கள்.

‘ரஸ்ட்’டுக்குப் பிறகு பல தயாரிப்பாளர்கள் நிஜத் துப்பாக்கியை அடியோடு விட்டுவிட்டார்கள். நடிகர் டுவைன் ஜான்சன் தன் நிறுவனப் படங்களில் இனி ரப்பர் துப்பாக்கிதான் என்று அறிவித்தார். தீ கணினியிலிருந்து வருகிறது. சத்தம் ஒலிக்கூடத்திலிருந்து வருகிறது. உண்மையில் அது முன்பும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்தது. தளத்தில் பதிவாகும் வேட்டுச் சத்தம் ஒலிவாங்கிக்குள் அடங்காமல் சிதைந்துவிடும் என்பதால் பின்னால் வேறு சத்தம் சேர்ப்பதே வழக்கம். கையில் ரப்பர், தீ ஒரு மேசையில், சத்தம் இன்னொரு அறையில்.

எங்கள் தோட்டத்து நாடகத்தைப் பற்றிப் பிறகு ஒரு நாள் அந்தச் சுத்தியல்காரரிடமே பேசினேன். அப்போது அவர் செம்பனைத் தோட்டத்து வேலைக்கு மாறியிருந்தார். தாமதமாக அடித்த அந்த வருடத்தைப் பற்றிக் கேட்டேன். இடது கட்டைவிரலைக் காட்டினார். கேப்பை நகர்த்திக்கொண்டிருக்கும்போதே சுத்தியல் பட்டு அதற்கு முந்திய வருடம் சுட்டுக்கொண்டாராம். நகத்தோரத்தில் கருநீலமாக ஒரு தழும்பு. அதற்குப் பிறகு கையை முழுக்க விலக்கிக்கொண்டுதான் அடித்திருக்கிறார்; அதனால்தான் அன்று வில்லன் முந்திக்கொண்டான்.

அத்தனை வருட நாடகத்தில் துப்பாக்கியால் ஏற்பட்ட காயம் அது ஒன்றுதான்.